கையடக்கம்

முதல் தாளில் இருந்தது ஒரே வரி:
சட்டைப் பையில் அடங்க வேண்டும்.

யாருடைய சட்டை, என்று கேட்டாள்
ஷிஹோ குரெபயாஷி.

ஒக்காயா, தொழிற்சாலையின் இரண்டாம் மாடி.
சன்னலுக்குக் கீழே சுவா ஏரி
உறைந்து கிடந்தது.
மேசையைச் சுற்றியிருந்த ஒன்பது ஆண்கள்
ஒன்றுபோல் குனிந்து
தத்தம் மார்பைப் பார்த்துக்கொண்டார்கள்.
பேனா செருகிய ஒன்பது பைகள்.
அவள் பாவாடையில் பையே இல்லை.

ஃபிலிம் சுருளின் டப்பா
குறுக்கே இருபத்தைந்து மில்லிமீட்டர்.
அதற்குக் கீழே எவனாலும் போக முடியாது
என்றார் பொறியாளர் தெராஷிமா.
அதன்மேல் தகடு, பற்சக்கரம், வில்,
பொத்தான் அளவில் இரண்டு பேட்டரி.
“முப்பத்துநான்கு. இம்மியும் குறையாது.”

குறைக்க வேண்டாம்.
ஓரங்களை உருட்டிக் கொடுங்கள்,
கை ஏமாந்து போகட்டும்.

அடக்கம் என்று நாம் சொல்கிறோமே,
பணிவுக்கும் அதே சொல்,
பிணத்தை மண்ணில் இடுவதற்கும்.
கைக்குள் அடங்கும் பொருளை
எந்த அடக்கத்தில் சேர்ப்பது?
பையில் இருப்பதே மறந்துபோக வேண்டும்,
வேண்டிய நொடியில்
தானே விரலில் வந்து முட்ட வேண்டும்.
அவள் மொழியில் இதற்கு என்ன சொல்லோ, தெரியாது.
அவள் சொல்லைத் தேடவில்லை.
எலுமிச்சை மரக்கட்டை ஒன்றைச் செதுக்கினாள்.

மூன்று பூச்சுக் கறுப்பு.
பொத்தான் வரும் இடத்தில்
பென்சிலால் ஒரு வட்டம்.
துளை இல்லை, கண்ணாடி இல்லை.

பிறகு அதோடு வாழ்ந்தாள்.
மேலங்கியில், சமையல் மேலாடையில்,
முள்ளங்கி வாங்கிய துணிப்பையில்.
ஒருமுறை, வேறு வழியில்லாமல், காலணிக்குள்.
இரவில் விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்:
சாவி கீறியது இங்கே,
சில்லறை தேய்த்தது இங்கே,
இங்கே மட்டும் ஒன்றும் படவில்லை.
லென்ஸ் அங்கே போய்
உட்கார்ந்துகொண்டது.

பதினோராம் நாள் ரயிலில் விட்டுவிட்டாள்.

ஷியோஜிரி நிலையம், தொலைந்த பொருட்களின் சன்னல்.
குடைகள், ஒற்றைக் கையுறைகள்,
ஒரு பல்செட்.
உகாய் என்று சட்டையில் பெயர் குத்திய ஊழியர்
கறுப்புக் கட்டையை எடுத்து வைத்தார்,
முகத்தில் உண்மையான வருத்தம்.
“மன்னியுங்கள். பழுதாகியிருக்கிறது.
எத்தனை முறை அழுத்தியும் சத்தமே இல்லை.”

காட்டுங்கள், என்றாள்.

அவர் கண்ணருகே தூக்கினார்.
இடக்கண் மூடியது.
மூச்சைப் பிடித்துக்கொண்டு,
சன்னலுக்கு அப்பால் நின்ற அவளை நோக்கி
அழுத்தினார்.

வட்டத்தில் இல்லை.
வட்டத்துக்கு இப்பால்,
நான்கு மில்லிமீட்டர் தள்ளி.

அசையாதீர்கள், என்றாள் ஷிஹோ,
படம் பிடிப்பவரிடம்.
அவர் விரலைச் சுற்றிப் பென்சிலால் வரைந்தாள்.

அந்த நான்கு மில்லிமீட்டருக்காகத்
தெராஷிமா மூன்று மாதம் அவளோடு பேசவில்லை.
நெம்புகோல் ஒன்றை மடித்து,
வில்லைத் தலைகீழாய்ப் போட்டு,
கடைசியில் முப்பத்துமூன்றரைக்கு
அவரே கொண்டுவந்தார்.
வாய்விட்டுச் சொல்லவில்லை,
வரைபடத்தில் எண்ணை மட்டும்
கொஞ்சம் பெரிதாக எழுதியிருந்தார்.
கேமரா இரண்டு வருடம் விற்றது.
நன்றாகவும் இல்லை, மோசமாகவும் இல்லை.

அதெல்லாம் பின்னால்.

அன்று மாலை உகாய் பேரேட்டைத் திருப்பி நீட்டினார்.
குடை, மூன்று. கையுறை, இடது.
அதன் கீழே அவர் கையெழுத்தில்:
கேமரா, ஒன்று. வேலை செய்யவில்லை.

திருத்தலாமா என்று ஒரு கணம் யோசித்தாள்.
பெற்றுக்கொண்டேன் என்ற கட்டத்தில்
தன் பெயரை எழுதிவிட்டு
ஒக்காயா போகும் வண்டிக்கு ஓடினாள்,
ஒரு கை பைக்குள்.